வடக்கே போகும் பெட்டிகள்

அந்த இரண்டு வாரமும் அவெலினா வீட்டில் என்ன சமையல் என்று முடிவு செய்தது ஃபிரீசர்தான். லாரி வருவதற்குள் அதைக் காலி செய்தாக வேண்டும். அடியில் கிடந்த மாட்டெலும்பு, கல்லாக இறுகிப்போன முருங்கைக்கீரைப் பொட்டலம் மூன்று, ஈஸ்டருக்கு வாங்கி மறந்துபோன பால்மீன் என்று கைக்கு வந்ததை எடுத்து அடுப்பில் ஏற்றினாள். ஒன்றோடொன்று சேருமா என்று யோசிக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துவரையும் பன்றிக்கறியும் டின்னில் அடைத்த பலாப்பிஞ்சும் போட்டு, புளி கரைத்து ஊற்றி, பிலிப்பைன்ஸில் அவர்கள் ஊரான காப்பிஸ் பக்கத்தில் வைக்கிற மாதிரி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பன்னிரண்டு மணிக்கும் வேலியோரத்து நிழலில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஜூலை மாதத்து யாரம்பா அப்படித்தான்; பூமியின் தென்பாதியில் அதுதான் நடுக்குளிர்காலம். ஆற்றிலிருந்து கிளம்புகிற மூடுபனி பத்து மணிக்குத்தான் தெருவை விட்டுப் போகும்.

கூடத்தில் நடக்க இடமில்லை. கடையில் கேட்டு வாங்கிய வாழைப்பழப் பெட்டிகள் சுவரோரமாக அடுக்கி நின்றன. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் ‘சமையல், வடக்கு’, ‘துணி, வடக்கு’, ‘மாயூமி புத்தகம், வடக்கு’ என்று எழுதியிருந்தாள். மாதக் கடைசியோடு யாரம்பா கறித் தொழிற்சாலையை மூடுகிறார்கள். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வடக்கே அதே முதலாளிக்கு இன்னொன்று இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை அவள் புருஷன் கிறிசாந்தோவை டாக்டர் பார்த்து, உடம்பு தகுதி என்று எழுதிக் கொடுத்தால் அவனுக்கு அங்கே வேலை. எழுதிக் கொடுக்காவிட்டால் வேலை இல்லை. வேலையைப் பிடித்துக்கொண்டுதான் விசா. அது போனால் மூன்று பேரும் பிலிப்பைன்ஸுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். ‘வடக்கு’ என்று எழுதும்போதெல்லாம் அவெலினா பேனாவை ஒரு கணம் நிறுத்தினாள். எழுதியதை அழித்து வேறு எழுதும்படி ஆகிவிடுமோ என்றிருந்தது.

கிறிசாந்தோ சாப்பிட உட்கார்ந்து கரண்டியை எடுத்தான்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமைப்பா, கையால சாப்பிடு,” என்றாள் மகள் மாயூமி. எட்டு வயது. பேச்செல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளின் இழுவையோடுதான் வரும்.

“கையில கறி வாடை போகவே மாட்டேங்குதுடி.”

“ரெண்டு மாசமா இதையே சொல்ற.”

அவன் சிரித்துக்கொண்டு கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சோற்றை அள்ளினான். வாய்க்குப் போவதற்குள் பாதி விரலிடுக்கில் வழிந்து மேசையில் விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே.

“அப்பா பாப்பா மாதிரி சிந்துறாரு!” என்று மாயூமி கைகொட்டினாள்.

கிறிசாந்தோவும் சிரித்தான். ஆனால் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அவெலினா சிந்தின சோற்றைத் துடைத்து எடுத்தாள்.

சாப்பிட்டபின் அவன் பழைய மெத்தையைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனான். கார் தெருமுனை தாண்டிய பத்தாவது நிமிடம் ஆர்செனியோ கதவைத் தட்டினான். எலும்பிலிருந்து கறி பிரிக்கிற கூடத்தில் கிறிசாந்தோவுக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. மாயூமிக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவன் இவளை ‘மாரே’ என்பான், இவள் புருஷனை ‘பாரே’ என்பான்.

“பாரே இல்லையே?”

“இப்பத்தான் போனாரு. என்ன, டேப்பு வேணுமா? உள்ள வாங்க, குளிரு.”

“டேப்பு வாங்கத்தான் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன். டேப்பு வேண்டாம்.” உள்ளே வந்து பெட்டிகளைப் பார்த்தான். “அஞ்சு வருசத்துக்கு இவ்வளவா மாரே? நான் வந்து இறங்கும்போது ஒரு பை, ஒரு மாதா படம். அந்தப் படத்தையும் விமானத்துலயே விட்டுட்டேன்.”

எப்போதும் இப்படித்தான், வாசலிலேயே சிரிக்க வைத்துவிடுவான். ஆனால் அன்றைக்கு அவனே சிரிக்கவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து இடதுகைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினான். பதினொரு தையல் போட்ட தழும்பு பூரான் மாதிரி ஊர்ந்து கிடந்தது.

“இது எப்படி ஆச்சு, தெரியுமா?”

“ஏப்ரல்ல உங்க கத்தி நழுவுனதுதானே? கோழிக்கஞ்சி வெச்சிக் கொண்டாந்தேனே, மறந்து போச்சா?”

“நல்ல கஞ்சி,” என்றான். “என் கத்தி இல்ல மாரே.”

அவெலினா டேப்பைக் கீழே வைத்தாள்.

“பாரே எனக்கு இடப்பக்கம் நிக்கிறான். தொடையெலும்பைச் சுத்தி வெட்டி இழுக்குறப்போ அவன் கையில கத்தி திரும்பிருச்சு. திரும்புனது அவனுக்குத் தெரியல. இரும்புவலைக் கையுறைக்கு மேல, இங்க வந்து இறங்குச்சு. அதுவும் தெரியல. நான் அலறுறேன், அவன் என்னைப் பார்த்து ‘என்னடா ஆச்சு’ங்கிறான். கேக்கும்போது அவன் கத்தியில என் ரத்தம்.”

“மேஸ்திரிகிட்ட...”

“என் கத்தின்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைச் சொல்ல? ஞானஸ்நானத்துல மாயூமி தலையில தண்ணி ஊத்தும்போது தூக்கிப் பிடிச்சவன் நான்.” சட்டையை இறக்கிவிட்டான். “அன்னிலேர்ந்து ஒரு அடி தள்ளித்தான் நிக்கிறேன். கறி தொங்குற செயின் ஓடிக்கிட்டே இருக்கு, மேஸ்திரி ‘நெருங்கி நில்லு, நெருங்கி நில்லு’ன்னு கத்துறான். வடக்க போனாலும் எங்களைப் பக்கத்துல பக்கத்துலதான் நிறுத்துவானுங்க. சோடியாப் பழகுனவங்கன்னு எழுதி அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை கைன்னா சரி. கழுத்துன்னா?”

“இதை அவருகிட்ட சொல்லாம எங்கிட்ட ஏன் சொல்றீங்க?”

“சொன்னா அன்னிக்கே கத்தியை வெச்சிருவான். உங்க குடும்பம் ஊரு போய்ச் சேர்ந்ததுக்கு நான் காரணம்னு ஆகும். சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க ஒரு முடிவு பண்ணுங்க மாரே.”

“நல்லா இருக்கு! உங்க பயத்தைப் பொட்டலம் கட்டி எங்க வீட்ல இறக்கி வெச்சிட்டுப் போறீங்களாக்கும்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஆமா,” என்றான். “அதுக்குத்தான் வந்தேன்.”

அவன் போனபின் அவெலினா பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். ஒரே தட்டை மூன்று தடவை சுற்றிப் பிரித்தாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்து கிறிசாந்தோ வந்தபோது பெரிய அலுமினியப் பானையில் மாட்டெலும்பும் சோளக்கதிரும் முட்டைக்கோசும் கொதித்துக்கொண்டிருந்தன. “கொஞ்சம் இறக்கி மேசையில வைங்க நோங், எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு,” என்றாள். அவர்கள் ஊர் வழக்கத்தில் இவள் புருஷனை ‘நோங்’ என்பாள், அவன் இவளை ‘இந்தாய்’ என்பான். சோதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நிஜமாகவே இடுப்பு பிடித்திருந்தது. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் காலை முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கியிருந்தாள்.

அவன் துணி பிடித்துப் பானையைத் தூக்கினான். லாரிக்காரன் சனிக்கிழமை ஏழு மணிக்கே வருகிறானாம் என்று சொல்லிக்கொண்டே நடந்தான். வலதுகைத் துணி விலகியிருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் பானையின் மேல் பதிந்திருந்தன. அவன் பேசிக்கொண்டே வந்தான். ரோமம் பொசுங்கும் வாடை அடித்தது.

“நோங்! கையை எடுங்க!”

“என்ன ஆச்சு?” என்றான்.

முந்தின நாள் ஆர்செனியோ சொன்ன அதே கேள்வி. அவெலினா பானையைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்துவிட்டு அவன் கையைக் குழாயடிக்கு இழுத்தாள். தோல் வெளுத்து உரிந்திருந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல அவன் அதைப் பார்த்தான்.

“எத்தனை நாளா?”

“ஒண்ணுமில்ல, இந்தாய்.”

“எத்தனை நாளான்னு கேட்டேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “பிப்ரவரிலேர்ந்து. முதல்ல மரத்துப் போய்ப் போய் வரும். அப்புறம் போனது வரல. ரெண்டு விரலும் இந்த ஓரமும் மட்டுந்தான்.”

“வியாழக்கிழமை டாக்டரு?”

“அது கை பலத்தைப் பாக்குற ஒரு பிடி. அமுக்கினா முள்ளு நகரும். முப்பத்தஞ்சைத் தாண்டினாப் போதும். மத்த மூணு விரல்லயே எனக்கு நாப்பது வருது. அமுக்கி அமுக்கிப் பழகி வெச்சிருக்கேன்.”

“மாயூமி பந்து காணோம் காணோம்னு அழுதாளே, அது...”

“கார்ல இருக்கு.” திருடி மாட்டியவன் போல முகம் சுருங்கிற்று. “வடக்க போய் நிலைச்சிட்டாப் போதும். அப்புறம் மெல்ல டாக்டர்கிட்ட காட்டிக்கலாம். இத்தனை மாசம் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே.”

அவெலினா குழாயை மூடினாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வடக்கே மாயூமிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாகிவிட்டது. புதுச் சீருடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

“ஆர்செனியோ கையில பதினொரு தையல் இருக்கு. அது அவரு கத்தி இல்ல.”

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சுவரில் சாய்ந்தான்.

“அன்னிக்கு என் கத்தியை அவன்தான் கழுவிக் குடுத்தான்,” என்றான். “ஒரு கையைத் துணியில சுத்திக்கிட்டு இன்னொரு கையால கழுவுறான். ஏன்டா உனக்கு இந்த வேலைன்னு கேட்டேன். சிரிச்சான் இந்தாய். பல்லைக் காட்டிச் சிரிச்சான்.”

எலும்புச் சாறு ஆறி மேலே கொழுப்பு ஏடு படிந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மாயூமி மட்டும் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு, வடக்கில் ஆற்றில் முதலை இருக்கிறதாமே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாயும் புதனும் அவன் தொழிற்சாலையில் தீப்புண்ணைக் காட்டிக் கத்தியிலிருந்து விலகித் தட்டு கழுவும் பக்கம் நின்றான். அவெலினா பெட்டி கட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதுவே ஒரு பதிலாகிவிடும். பால்மீனை வினிகரில் ஊறப்போட்டுப் பொரித்தாள். முருங்கைக்கீரையைத் தேங்காய்ப்பாலில் போட்டாள். தட்டில் வைத்ததைப் பெரியவர்கள் இருவரும் பிசைந்துகொண்டிருந்துவிட்டு எழுந்தார்கள்.

“இந்தக் கையோட ஊருக்குப் போய் என்ன செய்வேன்?” என்று புதன்கிழமை கேட்டான். “எங்க அண்ணன்கூட வலை இழுக்கணும்னாக்கூடக் கை வேணுமே.”

“எனக்கு என்ன தெரியும்?” என்றாள்.

வியாழக்கிழமை கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பினார்கள். அவன் சொல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவது என்று வழியிலேயே அவெலினா தீர்மானித்துக்கொண்டாள். டாக்டர் அறைக்கு வெளியே கூட வேலைசெய்கிற ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “வா கிறிசாந்தோ, பொண்டாட்டியக் கூட்டிட்டு ஊசி போடவா வந்தே?” என்று ஒருவன் கேலி செய்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். களைத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். அமுக்கும் பிடியைக் கொடுத்தாள். அவன் பல்லைக் கடிக்காமல், முகம் மாறாமல் அமுக்கினான். நாற்பத்தொன்று. டாக்டர் ‘சரி’ போட்டாள்.

“இந்தக் கட்டு?”

“சமைக்கும்போது சுட்டுக்கிட்டேன்.”

“வலி இருக்கா?”

“இல்ல.”

பேனா அடுத்த வரிக்குப் போயிற்று. இப்போது, என்று அவெலினா நினைத்தாள். ஆர்செனியோவின் கழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. அதன் மேலேயே கதவுக்குப் பின்னால் தொங்குகிற சீருடையும் வந்தது. வாய் திறக்கவில்லை. இன்னும் இரண்டு வரி முடிந்தால் கையெழுத்து. ஒரு வரி முடிந்தது. அது முடிந்துவிட வேண்டும் என்று தன் மனசு வேண்டிக்கொள்வதை அவளே கேட்டாள்.

“வலிக்கணும் இல்ல, டாக்டர்?” என்றான் கிறிசாந்தோ.

டாக்டர் நிமிர்ந்தாள்.

“சுட்டு மூணு நாள்தான் ஆச்சு. தோல் உரிஞ்சிருக்கு. வலிக்கணும். வலிக்கல.”

அவள் பேனாவை வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். ஊசி நுனியால் தொட்டு “இப்போ?” என்றாள். அவன் “இல்ல” என்றான். “இப்போ?” “இல்ல.” மூன்றாம் தடவை சுண்டுவிரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. “எப்போ தொடப்போறீங்க?” என்று கேட்டான் அவன். அவெலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, வருஷக்கணக்காகக் கையை மடக்கி ஒரே வெட்டாக வெட்டியதில் வந்தது என்றாள் டாக்டர். அறுத்து விடுவித்தால் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இன்னும் தள்ளிப்போட்டால் நிச்சயம் திரும்பாது. “வேலையால வந்ததுன்னு எழுதித் தர்றேன். ஆனா இந்தக் கையில கத்தியைக் குடுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

வெளியே வந்ததும் காத்திருந்தவர்கள் “என்னாச்சு?” என்றார்கள்.

“நான் வரல,” என்றான் கிறிசாந்தோ. யாரும் கேலி செய்யவில்லை.

வீட்டுக்குப் போகாமல் காரை நேராக ஆர்செனியோ வீட்டு வாசலில் நிறுத்தினான். “நீ உள்ள இரு,” என்றான். கண்ணாடி வழியாகத்தான் அவள் பார்த்தாள்; பேச்சு கேட்கவில்லை. ஆர்செனியோ கையில் அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தவன் இவனைக் கண்டதும் ஒரு எட்டுப் பின்னால் போனான். கிறிசாந்தோ பெட்டியை வாங்கிக் கீழே வைத்தான். ஆர்செனியோவின் இடதுகைச் சட்டையைத் தானே மேலே ஏற்றினான். தழும்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஆர்செனியோ அவன் தோளில் குத்தினான், விளையாட்டுக்கு இல்லை. இன்னொரு தடவையும் குத்தினான். கிறிசாந்தோ அசையவில்லை. பிறகு இருவருமாகக் குனிந்து அந்தப் பெட்டியைத் தூக்கி வராந்தாவில் வைத்தார்கள்.

சனிக்கிழமை லாரி வந்தது. மூடுபனிக்குள்ளிருந்து முதலில் விளக்கும் பிறகு சத்தமும் வந்தன. ஆர்செனியோ வீட்டுச் சாமான் ஏறியபின் லாரிக்காரன் காகிதத்தோடு இவர்கள் வாசலுக்கு வந்தான். “பதினாலு பெட்டி, ஒரு ஃபிரிட்ஜ். எங்க?”

“இல்ல. நாங்க வரல,” என்றாள் அவெலினா.

“காகிதத்துல இருக்கே.”

“கோடு போட்டுருங்க.”

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு கோடு போட்டான். பேனா கிழித்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

ஆர்செனியோ மனைவி பிள்ளைகளைக் காரில் ஏற்றிவிட்டுக் கடைசியாக வந்தான். “அங்க என் பக்கத்துல எவன் நிக்கப்போறானோ, பாரே.”

“எவனா இருந்தாலும் முத நாளே கையை நீட்டச் சொல்லு,” என்றான் கிறிசாந்தோ. “ஒவ்வொரு விரலாக் கிள்ளிப் பாரு. கத்தினாத்தான் பக்கத்துல நில்லு.”

“கிள்ளினா அடிப்பான்டா.”

“அடிச்சா நல்லவன்.”

ஆர்செனியோ பழைய மாதிரி வாயைத் திறந்து சிரித்தான். கார் ஆற்றுப் பாலத்தில் ஏறி மறையும்வரை கிறிசாந்தோ தெருவிலேயே நின்றான்.

வேலை போனதால் விசா முடிய இன்னும் அறுபது நாள்தான் இருந்தது. கைக்கு அறுவைச் சிகிச்சை செப்டம்பரில் என்று சொல்லியிருந்தார்கள். அவெலினா திங்கட்கிழமை சலவை அறையில் மூன்றாவது சுற்றுத் துணியைப் போட்டுவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேலாளர் கொலீன் அறைக்குப் போனாள். நாலு வருஷமாக அந்தக் கதவைத் தாண்டிப் போவதோடு சரி. தட்டினதில்லை. காப்பிஸில் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை செய்தவள் என்பதையும் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, இவளுக்கும் வாய் வரவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கை, கத்தி, டாக்டர், அறுபது நாள், பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு வருஷம். சொல்லி முடித்ததும் தான் என்ன கேட்க வந்தாள் என்பது மறந்துபோயிற்று.

“உனக்கு என்ன வேணும் அவெலினா?” என்றாள் கொலீன்.

“துணி துவைக்க வேண்டாம். ஆளுங்களைப் பாத்துக்கறேன். குளிப்பாட்டுவேன், தூக்குவேன், எல்லாம் தெரியும். எங்க மூணு பேர் விசாவுக்கும் நீங்க எழுதிக் குடுக்கணும்.”

கொலீன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எழுதுறேன். விசா ஆபீஸ்லேர்ந்து என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு வரலாம். ஆசை காட்ட மாட்டேன்.”

“சரி.”

“ஆளு பத்தாம நான் திண்டாடிட்டிருக்கேன், இத்தனை நாளா நீ சலவை அறையில இருந்திருக்கே.” மேசைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். “ஒம்பதாம் நம்பர் அறை. மத்தியானச் சாப்பாடு இன்னும் உள்ள போகல. காலைல ரெண்டு பேரை விரட்டிட்டாரு. கடிப்பாரு, பாத்துக்க.”

சமையலறையில் கொடுத்த தட்டில் மசித்த உருளைக்கிழங்கும் பூசணியும் கறிச்சாறும் இருந்தன. ஒன்பதாம் அறையில் ஜன்னலோர நாற்காலியில் கிழவர் ஒருவர் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். பெரிய ஆள், ஒரு காலத்தில் மாடு மேய்த்துக் குதிரை ஓட்டியிருக்க வேண்டும். அவள் வந்ததும் தாடையை இறுக்கிக்கொண்டார். காலையில் தட்டி விட்ட கஞ்சி சுவரில் காய்ந்திருந்தது.

அவெலினா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் வந்த வார்த்தை எல்லாம் கொலீன் அறையிலேயே தீர்ந்துவிட்டது. தன் பாஷையில், குழந்தைக்குச் சொல்வதுபோல, “சூடு இல்ல, நான் பாத்துட்டேன்,” என்றாள்.

கரண்டி நுனி நடுங்கியது. அதை மறைக்காமல் அப்படியே நீட்டினாள். கிழவர் கரண்டியைப் பார்த்தார். அவளை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.